எம் பொண்டாட்டி இருக்காளே

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் மீன் வெட்டிக்கொண்டிருந்த செல்லக்கண்ணுவை ஜெர்மன் தொலைக்காட்சிக்காரர்கள் இரண்டு நாள் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்கள். சாதாரண மனிதர்களை வைத்தே ஒவ்வொரு நாட்டையும் காட்டுகிற ஆவணப்படமாம். அது வெளிவந்தபோது அவர் இறந்து நான்கு மாதமாகியிருந்தது.

புக்கிட் பாத்தோக் வீட்டில் மகள் கவிப்ரியா படத்தை டிவியில் போட்டாள். அவர் மனைவி சௌந்தரம் நல்ல புடவையாக மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

திரையில் கணவர் கத்தியைத் துடைத்தபடி, "எம் பொண்டாட்டி இருக்காளே" என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான். அவர் குரலை அமுக்கிவிட்டு எவனோ ஒரு ஜெர்மன்காரன் பேசத் தொடங்கினான். அவர் வாய் மட்டும் அசைந்தது.

"என்னடி சொல்றாரு?"

கீழே ஓடிய ஆங்கில வரியைப் பார்த்துக் கவிப்ரியா சொன்னாள்: "'என் மனைவி அன்பானவர், பொறுமையானவர்'னு போட்டிருக்கும்மா."

"உங்கப்பா வாயில அந்த வார்த்தை என்னைக்குடி வந்திருக்கு? என்னமோ திட்டியிருக்காரு லா. பாவி, மாத்திட்டான்."

முப்பத்தொரு வருஷம் கேட்ட திட்டு. கடைசியாக மிச்சமிருந்த ஒன்றையும் அந்த ஆள் விழுங்கிவிட்டான்.

"திரும்பப் போடு. அவன் வாயைத் திறக்கிறதுக்குள்ள நிறுத்திடு."

கவிப்ரியா போட்டாள்.

"எம் பொண்டாட்டி இருக்காளே."

நிறுத்தினாள்.

"ம்," என்றாள் சௌந்தரம் திரையைப் பார்த்து. "சொல்லுங்க."