நட்சத்திரம் போடாத ஒரு வரி

எங்கள் குடியிருப்பில் வெள்ளிக்கிழமைதோறும் ஆட்களைக் கலப்பார்கள். ஒருவரிடமிருந்து மூக்கோ குரலோ குணமோ ஒரு கிளைபோல வெட்டி இன்னொருவரிடம் ஒட்டுவார்கள். வலிக்காது. வாரத்துக்கு வாரம் மனிதர்கள் கொஞ்சம் மேம்படுகிறார்கள் என்று அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தது.

அந்த வாரம் என் மனைவி செண்பகவல்லியின் பெயர் வந்தது. எல்லோருக்கும் வருவதுதானே என்று சொல்லிவிட்டு அவள் துணி மடித்தாள். நான் செருப்பை மாட்டினேன்.

கலப்பு அலுவலகத்துக்குப் போனேன். நடக்க நடக்க நடைவழி நீண்டது. அதன் கடைசியில் தாவீது என்ற குமாஸ்தா இருந்தார். இழக்க விரும்பாததை எழுதச் சொல்லி ஒரு படிவம் தந்தார். பதினான்கு பக்கம் எழுதினேன். அவளுடைய மூக்கு, குரல், தும்மல், கோபம், எல்லாம்.

அவர் அதைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"இவ்வளவு நீளமா இருந்தா கத்தி நடுவுல எங்கயாவது விழுந்துடும் சார். சின்னதா எழுதுங்க. ஒண்ணோட ஒண்ணு ஒட்டி இருக்கணும். அதுதான் தப்பிக்கும்."

"மத்ததெல்லாம்?"

"நட்சத்திரம் போட்டுடுங்க. அங்க எது வந்தாலும் சரின்னு அர்த்தம்."

பிறருக்கு உதவுகிற விஷயமாக இருந்தால் அதற்குக் கூடுதல் பிரதிகள் எடுத்துப் பலருக்கும் ஒட்டுவார்கள் என்றும் சொன்னார்.

மூக்குக்கு நட்சத்திரம் போட்டேன். குரலுக்குப் போட்டேன். பெயருக்குப் போடும்போது பேனா எழுதவில்லை. தாவீது தன் பேனாவைத் தந்தார். கடைசியில் ஒரு வரிதான் மிஞ்சியது: அழுபவர் பக்கத்தில் உட்காருவாள், காரணம் கேட்க மாட்டாள்.

சனிக்கிழமை காலை ஓர் உயரமான பெண் கதவைத் தட்டினாள். பெயர் ரெஜினா என்றாள். மூக்கு கீழ்வீட்டுத் தபால்காரருடையது. நான் வாசற்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவள் பையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. வெயில் ஏறும்வரை அப்படியே இருந்தோம். பிறகு அவளுடைய அலமாரியைக் காட்டினேன்.

அடுத்த வாரம் பஸ் கண்டக்டர் ஒருவர் விசிலைப் பையில் போட்டுவிட்டு, அழும் பயணியின் பக்கத்தில் உட்கார்ந்தார். அதற்கடுத்த வாரம் மூன்று பால்காரர்கள். பிறகு ஒரு நீதிபதி, நாற்காலியிலிருந்து இறங்கி வந்து. நீளமாக எழுதிக் கொடுத்தவர்களுடையது எதுவும் எங்கும் தென்படவில்லை.

ஒரு மாலை தாவீது எங்கள் மாடிப்படியில் அழுதுகொண்டிருந்தார். தன் மனைவியைப் பற்றி அவர் நாற்பது பக்கம் எழுதியிருந்தாராம். யாரும் கேட்கவில்லை, அவராகச் சொன்னது. நானும் ரெஜினாவும் இறங்கிப் போனோம். அவருக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேல்படியிலும் கீழ்ப்படியிலும் ஆட்கள். எங்களுக்கு இடமில்லை.

"என்னங்க, பால் இருக்கா?" என்றாள் ரெஜினா.

இருந்தது. எல்லோருக்கும் டீ போட உள்ளே போனோம்.