மாமா கொண்டுவந்த ஷாக் அப்சார்பர்

அக்காவின் கணவர் கார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். என் பட்டறைக்கு அவரே ஒரு ஜோடி ஷாக் அப்சார்பரைக் கொண்டுவந்தார். நான் அட்டைப்பெட்டியைப் பிரிப்பதற்குள் அவசரப்படுத்தத் தொடங்கிவிட்டார்.

"வண்டிக்காரர் காத்துக்கிட்டிருக்கார். சட்டுனு மாட்டிடும்மா."

என்னை அவசரப்படுத்தினால் எனக்குக் கை இன்னும் மெதுவாகத்தான் ஓடும். இரண்டையும் நிமிர்த்தி வைத்து அமுக்கினேன். படுக்கப்போட்டுக் கொண்டுவந்த ஷாக் முதல் அமுக்கில் தொளதொளவென்றுதான் இறங்கும். அதற்கெல்லாம் குறை சொல்கிற ஆள் நானில்லை. நாலைந்து முறை அமுக்கி இழுத்ததும் ஒன்று நன்றாக இறுகியது. மற்றது ஒவ்வொரு முறையும் பாதி வழியில் பொசுக்கென்று இறங்கியது. அதன் தண்டைத் துடைத்தேன். துணியில் எண்ணெய்.

"இது வேலைக்கு ஆகாது மாமா."

"புதுசும்மா. ஓட ஓட சரியாயிடும்."

"ஓட ஓட இன்னும் மோசமாகும்."

அவர் முகம் சுருங்கியது. "நான் என்ன வெளி ஆளா? உங்க அக்காகிட்ட என்னன்னு சொல்றது?"

"நீங்க ஏன் சிரமப்படணும்? நானே கேட்டுடறேன்" என்று போனை எடுத்து, அவருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, மாமா ஒரு ஷாக் கொண்டுவந்திருக்கார். எண்ணெய் கசியுது. ஓட ஓட சரியாயிடுமாம். உன் கார்ல மாட்டட்டுமா?"

"உனக்கென்ன பைத்தியமா? அதுல என் பிள்ளைங்க போகுதுடி."

மாமா பெட்டியை மூடினார்.

"வேற கொண்டு வரேன்."

"கொண்டு வாங்க. அதையும் அமுக்கிப் பார்ப்பேன்."