நாலு மணி வரைக்கும்

யூனா தன் கணவர் ஹெர்ப் கலினனின் தாடையைத் துணியால் கட்டி உச்சந்தலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது கீழே கேட் கிறீச்சிட்டது. சன்னல் பலகைகளின் இடுக்கில் பார்த்தாள். வெள்ளை அரைக்கால் சட்டை, முழங்கால்வரை இழுத்துவிட்ட காலுறை, இந்தப் புழுக்கத்திலும் கழுத்தில் டை. பக்கத்து வீட்டு மெர்வ் ஸ்ட்ரட்.

போட்ட முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். ஹெர்பின் வாய் மெல்லத் திறந்துகொண்டது. போர்வையை மோவாய்வரை ஏற்றி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். கழுத்து சூடாகத்தான் இருந்தது. இந்த வடகோடி டார்வின் ஊரில் அக்டோபர் மாதம் எதுதான் ஆறுகிறது?

அவர் உயிர் போய் இருபது நிமிடம்கூட ஆகவில்லை. "நாலு மணி வரைக்கும் இருந்தாப் போதும் யூனா," என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது மணி இரண்டரை.

நாலு மணிக்குச் சட்டசபையில் வாக்கெடுப்பு. பழைய ராணுவக் கொட்டகைகளில் குடியிருக்கும் முப்பத்தெட்டுக் குடும்பங்களை ஒரே மாதத்தில் காலி செய்யச் சொல்லும் மசோதா. வீடு கட்டிக் கொடுக்காமல் யாரையும் கிளப்பக் கூடாது என்று ஹெர்ப் திருத்தம் கொண்டுவந்திருந்தார். ஜனங்கள் தேர்ந்தெடுத்தவர்கள் ஆறு பேர். அரசாங்கம் நியமித்த அதிகாரிகள் ஏழு பேரில் இருவர் விடுப்பில் தெற்கே போயிருந்தார்கள். ஆறுக்கு ஐந்து. செவ்வாயன்று ஹெர்ப் மாரைப் பிடித்துக்கொண்டு விழுந்ததும் அது ஐந்துக்கு ஐந்தாகிவிட்டது. சமமானால் தலைவரின் வாக்கு அரசாங்கத்துக்குத்தான்.

மெர்வ் நிலத்துறை அதிகாரி, நியமன உறுப்பினன். அவன்தான் நேற்று வந்து ஹெர்பின் கையைப் பிடித்து, "நீங்க வர முடியாதப்ப நானும் சபைக்குள்ள போகமாட்டேன்," என்றான். நோயாளிக்கு ஈடாக எதிர்த்தரப்பில் ஒருவர் அப்படி விலகி நிற்பது சபை வழக்கம்; அப்போது ஐந்துக்கு நாலு. செத்தவருக்கு அந்த வழக்கம் இல்லை.

"யூனா, இருக்கீங்களா?"

வராந்தாவுக்கு வந்தாள். கதவை முழுக்கச் சாத்தினால் சந்தேகப்படுவான் என்று நாலு விரல் இடைவெளி விட்டாள்.

"எப்படி இருக்காரு?"

"தூங்குறாரு." குரல் பிசிறில்லாமல் வந்தது. அதுவே அவளைப் பயமுறுத்தியது.

மெர்வ் தொப்பியைக் கழற்றி உள்பட்டையைத் துடைத்தான். "இன்னிக்குத் தாண்டாதுன்னு டாக்டர் ஆபீசுல சொல்லிட்டாராம். மேல கூப்பிட்டு விட்டாங்க. ஆளு உயிரோட இருந்தா உன் இஷ்டம், இல்லேன்னா நீ சபை நாற்காலியில இருக்கணும், நேர்ல பார்த்துட்டு வந்து சொல்லுன்னாங்க."

"இப்பத்தான் கண்ணசந்தாரு. எழுப்பினா உன்னைத்தான் திட்டுவாரு."

"புதுசா என்ன? போன வாரம் சபையிலயே என்னை மேலிடம் குத்துற ரப்பர் முத்திரைன்னாரு."

"வீட்டுக்கு வந்து, நல்ல முத்திரைதான், மைதான் சரியா ஒட்டாதுன்னாரு."

மெர்வ் சிரித்தான். சிரித்தபடியே கதவருகே போய்விட்டான்.

யூனா அவன் பின்னாலேயே போனாள். உள்ளே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஓர் ஈ ஹெர்பின் காதில் உட்கார்ந்து, கன்னப்பொட்டுக்கு நடந்து, கண்ணோரத்தில் நின்றது. இமை அசையவில்லை. மெர்வ் பார்த்துக்கொண்டே நின்றான்.

"டீ போடட்டுமா மெர்வ்?" என்று தானே கேட்பது அவளுக்குக் கேட்டது.

அவன் திரும்பவில்லை. "போடுங்க. பால் வேண்டாம்."

போய் மாடிப்படியின் மேல்படியில் உட்கார்ந்தான். அடுப்படியில் தீக்குச்சி மூன்று முறை ஒடிந்தது. குடித்துவிட்டு எழுந்து போய்ச் சொல்லிவிடுவான். சொல்லாமல் என்ன செய்வான்? வேலை அரசாங்கம் கொடுத்தது, வீடும் அரசாங்கம் கொடுத்தது, இரண்டு பிள்ளைகள் தெற்கே விடுதியில் படிக்கிறார்கள். அவள் அவனுடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றே முக்காலுக்கு ஆபீஸ் கார் வந்து ஒலி எழுப்பியது. "சார், உடனே வரச் சொன்னாங்க," என்று டிரைவர் கத்தினான்.

"கலினன் தூங்குறாரு. நான் அவர்கூட இருக்கேன்னு சொல்லு."

கார் சற்று நின்றது. பிறகு போய்விட்டது. மெர்வ் காலிக் கோப்பையைப் படியில் வைத்துவிட்டு டையைத் தளர்த்தினான். யூனா தன் கோப்பையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பக்கத்துத் தகரக் கூரையில் மாங்காய் ஒன்று விழுந்தது. இருவரும் தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தார்கள்.

நாலேகாலுக்குத் தொலைபேசி. ஹெர்போடு தேர்ந்தெடுக்கப்பட்ட கிளெம். "அஞ்சுக்கு நாலு! ஜெயிச்சிட்டோம் யூனா! கிழவன்கிட்ட சொல்லு!"

"சொல்றேன்," என்று வைத்தாள்.

மெர்வ் எழுந்து அவள் கையிலிருந்த கோப்பையை வாங்கிக்கொண்டான். "போய்ச் சொல்லுங்க. நான் இருக்கேன்."

அவள் உள்ளே போய்க் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அடுப்படியில் அவன் கோப்பை கழுவுவது கேட்டது. இரண்டே கோப்பைதான். தண்ணீர் நெடுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.