முப்பது பேர் பந்தி

"முப்பது பேருக்கு மேல எல போட்டீன்னா கேஸு எழுதுவேன்!" என்றார் ரேஷன் இன்ஸ்பெக்டர் மாசிலாமணி.

"எழுதுங்க சார்! என் பேரையும் சரியா எழுதிக்குங்க. சவுரியம்மா!"

பந்தலில் நின்றவர்கள் வாயை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைத்திருந்தார்கள். யுத்தம் முடிந்தும் அரிசிக்கு விடிவு வராத நாற்பத்தாறாம் வருஷம். விருந்தில் முப்பது பேருக்கு மேல் கூடாதென்று சர்க்கார் உத்தரவு. திண்டிவனத்தில் இந்தக் கல்யாணத்தைப் பற்றி அவருக்கு யார் சொன்னார்கள் என்கிறீர்கள்? சவுரியம்மாளேதான். ஆபீசுக்குப் போய் வெற்றிலை பாக்கு வைத்து, "எரநூறு பேரு வர்றாங்க, நீங்களும் வரணும்" என்று பெருமையாக அழைத்துவிட்டு வந்திருந்தாள். நாற்று நட்டுப் பிழைக்கிற தன் தெருவுக்கும் பெரிய தெருவுக்கும் ஒரே அளவாக அரிசி அளக்க வைத்த மனிதரை விட்டுவிட்டு மகளுக்குக் கல்யாணமா?

"எரநூறு பேருக்கு அரிசி ஏது?"

"வீட்டுக்கு ஒரு படி போட்டாங்க சார். எங்க வழக்கம் அது. அவங்க வீட்டுல துண்ற சோத்த என் வீட்டுல துண்றாங்க. சர்க்காருக்கு இதுல என்னா பேஜாரு?"

"பதுக்கறவனப் புடிக்கப் போட்ட சட்டம்மா இது."

"அப்ப அவனப் புடிங்க. வேணும்னா குடோனுக்கு நான் வழி காட்டறேன்!"

இன்ஸ்பெக்டருக்கும் சிரிப்பு வந்தது. காக்கிச் சட்டை விடவில்லை.

விழுப்புரத்திலிருந்து ரயிலில் வந்து இறங்கியிருந்த மாப்பிள்ளையின் அத்தைக்குச் சிரிப்பு வரவில்லை. "சோறு போடாத வீட்டுல பொண்ணு எதுக்கு? எழுந்திருடா ராயப்பா!" தாலி கட்ட மாதா கோயிலுக்குக் கிளம்ப வேண்டிய மாப்பிள்ளை ராயப்பன் எழுந்தே விட்டான். உள்ளே மணப்பெண் இருதயமேரி விசும்பினாள்.

சவுரியம்மாளின் குரல் இறங்கியது. அந்தத் தெரு அதை அதற்கு முன் கேட்டதில்லை.

"சார், எங்க தெருவுல நாப்பது வீடு. அரிசியத் திருப்பிக் குடுத்துடறேன். வீட்டுக்கு அஞ்சு பேரு உக்காந்து துண்ணா, அது குத்தமா?"

மாசிலாமணி நோட்டை மூடிச் சட்டைப் பையில் வைத்தார்.

"எல்லாருக்கும் அரிசி கெடைக்குதான்னு பாக்கறது என் வேலை. அவங்கவங்க வீட்டுல, அவங்கவங்க பங்குல, யாருக்குச் சோறு போடறாங்கன்னு பாக்க, வாசப்படிக்குள்ள எனக்கு என்னாம்மா வேலை?"

"அப்ப உங்களுக்கு எந்த வீடு சார்?"

"என்னைய விடும்மா, கணக்கு ஏறிடும்!" என்றவர், ஒரு பிடி வறுத்த மல்லாட்டைக் கடலையை மட்டும் வாங்கிக்கொண்டு நடந்தார்.

கோயிலில் தாலி ஏறியது. நாற்பது அடுப்பு எரிந்தது. குழம்பு மட்டும் கல்யாண வீட்டிலிருந்து வாளி வாளியாகப் போனது. அதே தெருத் தொம்மை வீட்டில் உட்கார்ந்த மாப்பிள்ளையின் அத்தை குறைபட்டுக்கொண்டே மூன்று தரம் ரசம் கேட்டாளாம். அவளோடு உட்கார்ந்த மாப்பிள்ளையின் தம்பி பாக்கியசாமி எதுவும் கேட்கவில்லை. பரிமாறிய தொம்மை மகள் லூர்துசெல்வியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மாசிலாமணி அந்த வருஷமே மாற்றல் கேட்டுச் செஞ்சிக்குப் போனார். இருதயமேரி விழுப்புரத்தில் குடித்தனம் போட்டாள். அடுத்த தையில் லூர்துசெல்வியும் பாக்கியசாமியைக் கட்டிக்கொண்டு அவளுக்குப் பக்கத்து வீட்டுக்கே போய்ச் சேர்ந்தாள்.