பிரிக்காத கட்டு

விடியுமுன் சஹர் சாப்பாடு முடித்து, வாய் கொப்பளித்து, தாவூத் இன்னும் பிரிக்காத பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் மடியிலிருந்து எடுத்து அடுப்புக்கு மேலிருந்த பலகையில் வைத்தான். நோன்பு மாதம் முழுக்க அவனுக்கு அதுதான் வழக்கம்.

"பொழுது சாய வந்து எடுத்துக்கறேன், மஜீதா. கண்ணுல பட்டுட்டே இருந்தா கை துறுதுறுங்கும்."

குன்னூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் துரை பங்களாவுக்கும் தேயிலை ஃபேக்டரிக்கும் காஸ் விளக்கு எரியவைப்பது அவன் வேலை. தகரக் கொட்டகையில் கார்பைடு கல்லின்மேல் தண்ணீர் சொட்டும். கிளம்புகிற காஸ் குழாய் வழியே விளக்குகளுக்குப் போகும். அவன் சட்டையில் எந்நேரமும் பூண்டு வாடை. சாயங்காலமானால் தலைவலி. போன மாதம் இரும்புக் குழாய் துருப்பிடித்துப் போக, துரை செம்புக் குழாய் மாட்டச் சொல்லியிருந்தார்.

"குழாய்க்குள்ளாற செவப்பாப் படியுது. சுரண்டினா பட்டாசு மாதிரி படபடங்குது."

"ஏனுங்க, தொரைகிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னேன். செம்புப் பாத்திரத்துக்கு ஈயம் பூசிட்டிருந்தவனுக்குச் செம்பு மேல என்னடா கோவம்னு சிரிக்கறாரு. இன்னிக்கு அடைப்பை எடுத்தே ஆகணுமாம்."

பத்து மணிக்குக் கொட்டகை வெடித்தது. தாவூத் உள்ளே இருந்தான். அடக்கம் செய்யுமுன் மஜீதாவுக்கு அவன் முகத்தைக்கூடக் காட்டவில்லை.

மூன்றாம் நாள் அவள் கொட்டகைப் பக்கம் போனாள். கூரை இல்லை. ஆனால் கருகிய சுவரோரம் இரும்புக் குழாய் ஓடியது. அதன் பெயிண்ட் இன்னும் விரலில் ஒட்டியது. செம்பு ஒரு துண்டுகூடக் கண்ணில் படவில்லை. போலீஸ் மறுநாள்தான் வருவதாக இருந்தது. அவர்கள் பார்ப்பதற்குள் இத்தனை அவசரமாக மாற்றியது யார், எதற்கு?

அன்று மாலையே ஆபீஸ் கிளார்க் சில்வஸ்டர் ஒரு தாளும் மைப்பெட்டியுமாக வந்தார்.

"கைநாட்டு வைங்கம்மா. சும்மா ஒரு வழக்கத்துக்குத்தான்."

மஜீதாவுக்குப் படிக்கத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. அவள் தாளை வாங்கி விளக்கருகே பிடித்தாள். 'வேலை நேரத்தில் பீடி பற்ற வைத்ததால்' என்றிருந்தது.

"ஏனுங்க சில்வஸ்டரு, இது எங்களுக்கு என்ன மாசமுங்க?"

அவர் மைப்பெட்டியை மூடினார்.

"உங்களுக்கும் தவக்காலந்தானுங்களே. நீங்க கறி தின்னீங்கன்னு நான் எழுதிக் குடுத்தா ஒத்துக்குவீங்களா?"

"எங்க விபத்து நடந்தாலும் பீடின்னு எழுதறதுதாம்மா பழக்கம். கையும் அப்படியே எழுதிருச்சு." குரல் இறங்கியது. "குழாயப் பத்தி மட்டும் கேட்டுறாதீங்க. கையெழுத்து இல்லைன்னா இந்த ஊடு போயிரும்."

"போகட்டுமுங்க."

அவரிடமே பேனாவை வாங்கி, 'அவர் நோன்பாளி. குழாய் செம்பு' என்று அடியில் எழுதிப் பெயர் போட்டாள். அந்தத் தாள் எங்கே போனதென்று பிறகு யாரும் சொல்லவில்லை. பெருநாளுக்கு முன்பே வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். ஊட்டி மார்க்கெட்டில் கடை வைத்திருந்த அண்ணன் நூர் முகமது வந்து கூட்டிப்போனார்.

அங்கேயும் அடுப்புக்கு மேல் ஒரு பலகை உண்டு. தீப்பெட்டிக்குப் பக்கத்தில் அந்தப் பீடிக்கட்டு இருக்கிறது. அதில் சுற்றிய சிவப்பு நூலை இன்னும் யாரும் பிரிக்கவில்லை.