என் பேரில் பூரணியின் ரத்தம்

மனுஷனுடைய மரபணுவில் இருக்கிற முந்நூறு கோடி எழுத்தையும் படித்து முடித்துவிட்டார்களாம். போன வருஷம் பேப்பரில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். படிக்கட்டும். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நாகலெட்சுமி என்ற ஆறெழுத்துப் பேர் யாருடையது என்று விசாரிக்க மட்டும் ஒருத்தருக்கும் நேரமில்லை.

நாகலெட்சுமி நான்தான். 1999இல் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனேன். போகும்போது செக்ரோலில், அதாவது தோட்டத்துப் பேர்ப் பதிவில், என் பேரை வெட்டவில்லை. வெட்டினால் மறுபடி ஏற்றமாட்டார்கள். தங்கச்சி பூரணி என் பேரில் கொழுந்து பறித்தாள். ஆட்களை வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளைக்கும் தெரியும். எங்கள் பக்கம் இது புதிதில்லை. செத்தவர்கள் பேரில்கூட ஆள் வேலைக்குப் போயிருக்கிறது.

2001இல் கொழும்பிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்திலேயே மேசை போட்டு, செக்ரோலைப் பார்த்துப் பேர் கூப்பிட்டு ரத்தம் எடுத்தார்கள். "நாகலெட்சுமி" என்றதும் பூரணி கையை நீட்டினாள். வேறென்ன செய்வாள்?

ஏழெட்டு மாதத்தில் என் பேருக்கு இங்கிலீஷில் கடிதம் வந்தது. பெரிய கிளாக்கர் பொன்னையா, எனக்கு வந்த கடிதத்தைத் தானே உடைத்து, ஒப்பிஸ் வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னார்: நாகலெட்சுமியின் மரபணுவில் தலசீமியா என்ற ரத்தக் குறை இருக்கிறது. அத்தோடு நிறுத்திக்கொண்டார். அவளுக்கு இதனால் நோய் இல்லை, கட்டிக்கொள்கிறவனுக்கும் அதே குறை இருந்தால்தான் பிள்ளைக்கு நோய் வரலாம், ஆகவே மாப்பிள்ளையையும் சோதிக்கவும் என்று கீழே மூன்று வரி இருந்தது. அதைப் படிக்க அவருக்கு வாய் வலித்ததா?

வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்தது. எனக்கும் அத்தை மகன் செல்லசாமிக்கும் பேசி முடித்திருந்த கல்யாணத்தை, "கெட்ட ரத்தம் எங்க வீட்டுக்கு வேணாம்" என்று அத்தை முறித்துவிட்டார். கல்யாணத்துக்கென்று நான் வந்து இறங்கியபோது செல்லசாமிக்குப் பூரணியைப் பேசியிருந்தார்கள். அவளுக்குச் சுத்தமான ரத்தமாம்!

"நான் குவைத்துல இருந்தேன். என் ரத்தத்த எப்புடி எடுத்தாங்க?" என்று கத்தினேன்.

அப்பா கதவைச் சாத்தினார். "சத்தம் போடாத. ஆள் மாத்தி வேல செஞ்சது தொரைக்குத் தெரிஞ்சா பேர வெட்டிருவாங்க. நாம இருக்குற லயக் காம்பராவும் போயிரும். எங்க போயி நிப்போம்?"

பூரணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டேனே, அந்தக் கோபம் அதைவிடப் பெரிது.

பூரணிக்கும் செல்லசாமிக்கும் கல்யாணம் நடந்து, இப்போது அவர்கள் மகன் சுமனுக்குப் பத்து மாதம். உடம்பு வெளிறி, வயிறு வீங்கி, பால் குடிக்கவும் தெம்பில்லாமல் கிடந்தான். பெரியாஸ்பத்திரிக்குப் பூரணி, செல்லசாமி, அத்தை, நான் எல்லோருமாகத் தூக்கிக்கொண்டு போனோம். டொக்டர் கேதீஸ்வரி, யாழ்ப்பாணத்துக்காரர், பூரணியிடம் கேட்டார்.

"முந்தி ஆராவது உங்கட ரத்தத்தைச் சோதிச்சவையோ?"

"இல்லங்க" என்றாள் பூரணி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சோதிச்சாங்க டொக்டர். கடுதாசியும் வந்திச்சு. என் பேருல. ரத்தம் இவளோடது."

டொக்டர் பூரணி, செல்லசாமி, நான் என்று மூவரின் ரத்தத்தையும் எடுத்தார். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. பூரணிக்குக் குறை இருந்தது. செல்லசாமிக்கும் இருந்தது. எனக்கு இல்லை.

"தாய் தகப்பன் ரெண்டு பேரிட்டையும் இருந்ததாலதான் பிள்ளைக்கு வந்தது" என்றார் டொக்டர். "இனி மாசாமாசம் ரத்தம் ஏத்த வேணும். சொந்தக்காரர் எல்லாரும் சோதிச்சுப் பாக்கிறது நல்லம்."

கெட்ட ரத்தம் வேண்டாம் என்ற வீட்டிலேயே அது உட்கார்ந்திருந்தது. அத்தை அழுவார் என்று நினைத்தேன். அவரோ என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"இது வெளிய தெரிய வேணாம். ஒன் பேரு ஏற்கனவே கெட்டதுதானே, ஒன் பேருலயே இருந்துட்டுப் போகட்டும். ஜெயந்தினிக்கு ராகலையில மாப்பிள பாத்தாச்சு."

ஜெயந்தினி அவருடைய மகள், செல்லசாமியின் தங்கச்சி.

"அவளுக்கு ரத்தம் பாத்தீங்களா அத்த?"

"வாய்ல அடிப்பேன்" என்றார்.

உள்ளே ஊசி ஏறாமல் சுமன் வீரிட்டுக்கொண்டிருந்தான். அதைக் கேட்டுக்கொண்டே இந்தப் பேச்சு பேச ஒரு மனுஷிக்கு எப்படி வாய் வரும்? இன்னொரு பிள்ளையும் இப்படிக் கத்துவதற்கு என் பேரைக் கடன் கேட்கிறார்.

மறுநாள் பெரட்டில் என் பேரைக் கூப்பிட்டார்கள். நான் கூடையைக் கீழே வைத்தேன்.

"நாகலெட்சுமி குவைத்துல இருந்தா. இந்தக் களத்துல ரத்தம் குடுத்தது பூரணி. கொற அவகிட்டயும் இருக்கு, அவ புருஷங்கிட்டயும் இருக்கு. வெக்கப்பட ஒண்ணுமில்ல. பாக்காம கட்டிக்கிட்டா புள்ளதான் சாகும்."

கணக்கப்பிள்ளையின் முகம் வெளுத்தது. "எல்லார் பொழப்பிலயும் மண்ண அள்ளிப் போட்டுட்டியேடி" என்றார். "ஒனக்கு இன்னைக்கு வேல இல்ல. தொர வந்தா நாளைக்கும் இருக்காது."

அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பேன். ஜெயந்தினியின் பேரை நான் சொல்லவில்லை. என் பேரை நாறடித்த மாதிரி அவள் பேரை நாறடிக்க மாட்டேன். றோட்டை நோக்கி நடந்தேன்.

பின்னால் யாரோ ஓடி வந்தார்கள். கூடையைக் களத்திலேயே போட்டுவிட்டு ஜெயந்தினி மூச்சு வாங்க நின்றாள்.

"ஆஸ்பத்திரிக்கு எத்தன மணிக்கு பஸ்ஸு மதினி?"