கருவாட்டை முகர்ந்த மடைப்பள்ளிக்காரர்

1

கோவளம் கடற்கரையில் ஒருவர் குனிந்து கருவாட்டை முகர்ந்துகொண்டிருந்தார். நெற்றியில் பட்டையாக விபூதி, கழுத்தில் ருத்திராட்சம். சற்றுத் தள்ளி ஓர் அம்மாள் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாயிரத்து எட்டு, மாசி மாதம். நான் கண்டது இவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் இட்டுக்கட்டியது. அதை முதலிலேயே ஒப்புக்கொள்வது நல்லது.

அப்போது ஒரு பத்திரிகையின் சிறப்பு மலருக்குக் கதை கேட்டிருந்தார்கள். கடலோரமாகக் காரில் போகும் கணவன் மனைவி, இலகுவாக இருக்கட்டும், சிரிக்கும்படி இருந்தால் இன்னும் நல்லது என்றார்கள். இப்படித் தொடங்கினேன்:

அலைகள் அவர்களை வரவேற்றன.

(அடித்துவிட்டேன். மூன்று வருடத்துக்கு முன் சுனாமியில் அந்தக் கரையில் என்ன நடந்தது என்று தெரிந்தவன் இப்படி எழுதக் கூடாது.)

கல்யாணமாகி இருபத்தாறு வருடம் கழித்து ஸ்வர்ணா முதல் முறையாகக் கடலைப் பார்த்தபோது அவள் மனதில்

(இதுவும் இங்கேயே நிற்கட்டும். அவள் மனதில் என்ன இருந்தது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.)

2

என் ஊர் திருத்தணி. அதனால் அவர்களையும் அங்கேயே குடிவைத்தேன். மலையடிவாரத்தில் ஒரு சின்ன முருகன் கோயில். தேடிப் போகாதீர்கள், நான் கட்டிய கோயில் அது. அதன் மடைப்பள்ளியில் குருநாதன் சமைக்கிறார். அவர் அப்பா சமைத்தார், அவருக்கும் அப்பா சமைத்தார். ஸ்வர்ணா அவருடைய மாமன் மகள். தெலுங்கு பேசும் பள்ளிப்பட்டுப் பக்கம் பிறந்தவள், ஆகையால் கட்டிய பிறகும் அவரை அத்தான் என்னாமல் ‘பாவா’ என்றுதான் கூப்பிடுவாள்.

சாமிக்குச் சமைக்கிறவர் ருசி பார்க்கக் கூடாது. படைத்த பிறகுதான் வாயில் வைக்கலாம். அப்படியானால் பக்குவம் எப்படித் தெரியும்? வாசனையில்தான். பருப்பு வெந்ததும் நெய் காய்ந்ததும் மட்டுமல்ல, உப்பு போட்டோமா என்பதுகூடத் தனக்கு வாசனையில் தெரியும் என்பார் குருநாதன்.

(முகர்வதும் தவறுதானே என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. குருநாதனின் பதில் இது: பானையருகே மூக்கைக் கொண்டுபோவது தவறு, வாசனை தானாக நம்மைத் தேடி வருவது அவன் அருள்.)

3

திடீரென்று ஒரு நாள் அவர்தான் சொன்னார், கடல் பக்கம் நாலு நாள் போய்வரலாம் என்று. ஸ்வர்ணாவுக்கு நம்ப முடியவில்லை. பங்காளி ஒருவரிடம் சமையலை ஒப்படைத்தார். அரக்கோணத்தில் இருந்த மைத்துனன் சாய்ராமிடம் மாருதி காரை இரவல் வாங்கினார். சாய்ராம் சாவியைக் கொடுக்கும்போது, “நாப்பதுக்கு மேல ஓட்டாதீங்க பாவா, நாப்பதுக்குக் கீழயும் ஓட்டாதீங்க, பின்னாடி வர்றவன் திட்டுவான்” என்றான்.

ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் ரப்பர் கருகும் வாசனை வந்தது. யாரோ சாலையோரம் டயர் கொளுத்துகிறார்கள் என்று ஸ்வர்ணா நினைத்தாள். பைக்கில் போன இருவர் கையை ஆட்டி நிறுத்திய பிறகுதான் தெரிந்தது, ஹேண்ட் பிரேக்கை முழுக்க விடாமலே அவ்வளவு தூரம் வந்திருக்கிறார். பின் சக்கரம் புகைந்தது. அவர் முகம் வெளுத்துப் போனதைப் பார்த்து, காருக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பயப்படுகிறார் என எண்ணிக்கொண்டாள்.

மாமல்லபுரம், மரக்காணம், புதுச்சேரி. ஒவ்வொரு மீனவக் குப்பத்திலும் காரை நிறுத்தினார். கால் மரத்துவிட்டது என்று இறங்கித் தனியாக நடப்பார், திரும்ப நேரமாகும். பாவம், இருபத்தாறு வருடம் அடுப்பின் முன்னால் நின்ற கால், நடக்கட்டும் என்று அவள் காரிலேயே முறுக்குப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருப்பாள்.

திரும்பும் வழியில் கோவளம். அங்கே கடலுக்குள் ஆளைவிட நீளமான பலகைகளில் வெள்ளைக்காரர்களும் ஊர் இளைஞர்களும் அலை மேல் ஏறி நின்று சறுக்கிக்கொண்டிருந்தார்கள். நிற்பது ஒரு நொடி, விழுவது நிச்சயம். “விழறதுக்குன்னே வர்றாங்க பாரு பாவா” என்று சிரித்துக்கொண்டே திரும்பினாள். பக்கத்தில் அவர் இல்லை.

4

நான் கண்ட இடம் இதுதான். வலை மேல் கருவாடு காயப்போட்டிருந்த ஜெயம்மாவுக்கு (பெயர் நான் வைத்தது) முதலில் சிரிப்பு.

“இன்னா சாமி, மல்லிப்பூவா அது?”

அவர் சிரிக்கவில்லை. இன்னொன்றை எடுத்தார், அதையும் மூக்கோடு வைத்து அழுத்தினார். ஜெயம்மாவுக்கு என்ன புரிந்ததோ, கேலியை விட்டுவிட்டாள். கூடையின் அடியில் துழாவி ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“இத்த பாரு. செத்தவன்கூட எழுந்துக்குவான்.”

கண்ணை மூடி முகர்ந்தார். அவரைத் தேடி வந்து பத்தடி தள்ளி நின்ற ஸ்வர்ணா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. கருவாட்டைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அப்படியே மணலில் உட்கார்ந்தார்.

“மூக்கு போயிடுச்சு ஸ்வர்ணா. ஐப்பசில வந்த சளியோட போச்சு.”

ஊரில் இருந்தவரை அவருக்குச் சந்தேகம் தீரவில்லையாம். நெய் என்று நினைத்தால் நெய் வாசனை வருகிறது, கற்பூரம் என்றால் கற்பூரம். வருவது வாசனையா, வெறும் ஞாபகமா என்று பிரிக்க முடியவில்லை. அதனால் தன் ஞாபகத்தில் இல்லாத ஒரு வாசனையைத் தேடிக் கிளம்பியிருக்கிறார். பிறந்ததிலிருந்து கிட்டேயே போகாத பொருள் கருவாடு. அது நாசியில் ஏறிவிட்டால் மூக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

ஒவ்வொரு குப்பத்திலும் அவர் எங்கே நடந்தார் என்று ஸ்வர்ணாவுக்கு இப்போது விளங்கியது.

5

இங்கே ஸ்வர்ணா மேல் எனக்கு ஒரு சந்தேகம். இதுவரை அவளை நல்லவளாகவே எழுதிவிட்டேன். ஆனால் கோயிலிலிருந்து தினமும் தொன்னையில் பொங்கல் வீட்டுக்கு வருகிறதே, அது அடிபிடித்திருந்தது அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?

தெரியும். முதல் நாள், மனம் நோகும் என்று சொல்லவில்லை. இரண்டாம் நாள், அவரும் சாப்பிடுகிறவர்தானே, திருத்திக்கொள்வார் என்று சொல்லவில்லை. (அவர் நாக்குக்கு எட்டியது தித்திப்பும் உப்பும் மட்டும்தான் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?) பத்து நாள் போன பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்று சொல்லவில்லை. பக்தர்களும் வாய் திறக்கவில்லை. கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு வாய் போட்டுக்கொண்டு, மீதியைக் காக்கைக்கு வைத்தார்கள். பெரியவர், பரம்பரையாகச் செய்கிறவர் என்ற மரியாதை.

நான் சின்னச் சின்ன அன்புகளை நம்பியே எழுதி வந்தவன். இத்தனை பேருடைய அன்பும் சேர்ந்து ஒரு மனிதரை இந்த மணலில் கொண்டுவந்து உட்காரவைக்கும் என்று எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

6

“மெய்யா சொல்லு. பொங்கல் அடிபுடிச்சுதா?”

கடல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். “புடிச்சுது பாவா.”

“எத்தினி தபா?”

“ஐப்பசிலேர்ந்து.”

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கும் அவளுக்கும் சுலபமாக இருந்திருக்கும். அவளிடம் கேட்பது போலவே இல்லாமல் கேட்டார்:

“அப்போ நாலு மாசமா முருகனுக்குத் தீஞ்சதையா வச்சேன்?”

7

இதற்கு மேல் மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் ஸ்வர்ணா, “சாமி ஒண்ணும் சொல்லலியே” என்கிறாள். ஆறுதலாகத்தான் சொல்கிறாள். அவர், “நீயுந்தான் சொல்லல” என்கிறார். அதைக் கேட்ட அவள் முகத்தை எழுத முடியாமல் கிழித்துவிட்டேன்.

இன்னொன்றில் ஊர் திரும்பியதும் கரண்டியைப் பங்காளியிடம் கொடுத்துவிடுகிறார். பிறகு காலை நாலு மணிக்கு விழிப்பு வந்து, எழுந்து குளித்து, போக இடமில்லாமல்

(போதும்.)

மூன்றாவது எனக்குப் பிடித்தது. மடைப்பள்ளியின் பின் ஜன்னலோரம் ஸ்வர்ணா தினமும் பூக்கட்ட உட்காருகிறாள். கருகும் வாசனை வந்தால் வளையலால் ஜன்னலைத் தட்டுவாள். அவர் பானையை இறக்குவார். ஆனால் குருநாதன் ஒத்துக்கொள்ள மாட்டார். வாசனை தானாக வந்தால் அருள். முகர்வதற்கென்றே ஒருத்தியை உட்காரவைத்தால்? வேறு ஒருவர் சொன்ன சட்டமென்றால் மீறச் சொல்லியிருப்பேன். இது அவர் நம்பி வாழ்ந்தது.

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. கேட்டுவிட்டுத் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார். அவளிடமிருந்து அவருக்கு ஒரு வரி வேண்டும். அது பொய்யாக இருக்கக் கூடாது. உண்மை என்பதற்காகக் கொல்லவும் கூடாது. அப்படி ஒரு வரி உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். வெயில் இறங்குகிறது, ஜெயம்மா கருவாட்டை அள்ளத் தொடங்கிவிட்டாள்; அதிக நேரம் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஸ்வர்ணா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கை மீனாய் நாறியது. அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: